குழித்தறியிலிருந்து எழுந்தவரின் நடை

என் அப்பா சேலம் அம்மாபேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் நெய்தவர். சினிமாவைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆங்கிலப் படம் என்றால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இரவு, 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தைத் தொலைக்காட்சியில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெற்றிலையை மடித்துக்கொண்டே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். திரையில், தகரக் கொட்டகையில் நாட்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓர் ஆங்கிலேயக் கர்னல் வெளியே வந்து, ஜப்பானிய முகாம் தலைவரின் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். முழங்கால்கள் மடங்கப் பார்க்கின்றன. இடுப்புக்குக் கீழே எதுவும் தன் சொல் கேட்காதது போல இருக்கிறது. ஆனால் தோள்கள் மட்டும் அணிவகுப்பில் நிற்பவனுக்குரிய நிமிர்வோடு இருக்கின்றன. அப்பா சொன்னார்: "இந்த ஆளு ரொம்ப நேரம் குழியில உட்காந்து எந்திரிச்சவனாட்டம் நடக்கறான் பாரு."

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பார். கைகள் நாடாவை இங்கும் அங்கும் ஓட்டும். விடியற்காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார்கள். எழுந்த முதல் பத்து அடிகளில் கால் மரத்துப் போயிருக்கும், மண்ணின் ஈரம் மூட்டில் இறங்கியிருக்கும். ஆனாலும் தெருவில் நடக்கும்போது யாரும் அதைக் கவனித்துவிடக் கூடாது என்பதில் எங்கள் தெருக்காரர்கள் குறியாக இருப்பார்கள். அப்பா பார்த்தது அந்தப் பத்து அடிகளைத்தான்.

அந்த நடிகரின் பெயர் அலெக் கின்னஸ். அவர் அந்த நடையை எங்கிருந்து எடுத்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருடைய ஒரே மகன் மேத்யூவுக்குப் பதினோரு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, சில காலம் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. பையன் தேறி மறுபடியும் நடக்கப் பழகிய நாட்களில், அந்தத் தடுமாற்றத்தையும் அதை மறைக்க அவன் பட்ட பாட்டையும் தந்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறார். கர்னல் நிக்கல்சனின் நடை அதுதான். தாம் நடித்தவற்றிலேயே உருப்படியானது என்று அந்தச் சில நொடிகளைத்தான் பின்னாளில் அவர் கருதினார். ஆஸ்கர் விருது அந்தப் படத்துக்காகக் கிடைத்தது என்பது தனிச் செய்தி.

அந்த இரவுக்குப் பிறகு அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். முதலில் ஒளிநாடாக்கள், பிறகு குறுந்தகடுகள், இப்போது இணையம். இவ்வளவு பார்த்த பிறகும், கண்ணை மூடிக்கொண்டு அவருடைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரச் சொன்னால் எனக்கு இன்னும் வருவதில்லை. நடைகள்தான் வருகின்றன. நம் ஊரில் ஒரு நட்சத்திரத்தை இப்படிச் சொன்னால் அவமதிப்பு. ரசிகர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கின்னஸைப் பொறுத்தவரை தொழிலே அதுதான்.

1914 ஏப்ரல் 2ஆம் நாள் லண்டனில் பிறந்தவர். தாயின் பெயர் ஆக்னஸ் கஃப். பிறப்புப் பதிவில் தந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. தந்தை யார் என்பது கடைசிவரை அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. குழந்தைப் பருவம் வாடகை அறைகளிலும் விடுதிகளிலுமாகக் கழிந்தது. ஆளுமைகளை மாற்றி மாற்றி அணியும் திறமைக்கு இந்த வேரற்ற இளமைதான் காரணம் என்று எழுதாத விமர்சகர் இல்லை. அப்படியே இருக்கலாம், ஆனால் தந்தை பெயர் தெரியாத எல்லாரும் நடிகராகிவிடுவதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பள்ளி நாடகத்தில் அவர் செய்த ஒரு காரியம். 'மேக்பெத்'தில் செய்தி கொண்டுவரும் தூதன் வேடம், சில வரிகள்தான். மேடையேறுவதற்கு முன் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, உண்மையாகவே மூச்சிரைக்க வந்து நின்று பேசினார். உடம்பில் தொடங்கி உள்ளே போவது என்ற முறை அப்போதே வந்துவிட்டது.

பள்ளி முடிந்ததும் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதும் வேலை. அதை விட்டுவிட்டு, மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகையிடம் பாடம் கேட்கப் போனார். இந்தப் பையனுக்கு நடிப்பு வராது என்று அவர் ஆரம்பத்திலேயே நினைத்தார். பின்னர் ஜான் கீல்குட் 1934இல் தம்முடைய 'ஹாம்லெட்' தயாரிப்பில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடம் கொடுத்துத் தூக்கிவிட்டார். 1938இல் மெருலா சலமன் என்ற நடிகையை மணந்தார். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைத் தாமே நாடகமாக்கி 1939இல் மேடையேற்றினார். அதைப் பார்த்திருந்த டேவிட் லீன், போருக்குப் பிறகு 1946இல் அதே கதையைப் படமாக எடுத்தபோது ஹெர்பர்ட் பாக்கெட் வேடத்துக்கு அவரையே அழைத்தார். இடையில் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலியில் படைகளை இறக்கிய படகுகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியிருந்தார். ஒரு வேடிக்கை: அந்தப் படத்தில் மிஸ் ஹாவிஷமாக நடித்தவர், நடிப்பு வராது என்று சொன்ன அதே மார்ட்டிட்டா ஹன்ட்.

சேலத்துக்காரன் என்பதால் அடுத்துச் சொல்லப்போவதை என்னால் சுருக்கிச் சொல்ல இயலாது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. உள்ளே இருந்த ஸ்டூடியோ இல்லை. அங்கே டி. ஆர். சுந்தரம் 1940இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். தமிழ் சினிமாவில் ஒருவரே இருவராக வருவதற்கு முன்னோடி அதுதான் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் பெருமை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1949இல், லண்டனின் ஈலிங் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் கின்னஸ் எட்டு வேடங்களில் வந்தார். ஒரு பிரபுக் குடும்பத்தின் வாரிசுரிமைக்காக ஒருவன் அந்தக் குடும்பத்தினரை ஒவ்வொருவராகக் கொல்கிறான். சாகிறவர்கள் எல்லாரும் கின்னஸ். பாதிரியார், தளபதி, கடற்படைத் தலைவர், வங்கி உரிமையாளர், பலூனில் பறக்கும் ஓர் அம்மையார் என்று நீளும் பட்டியல்.

தேவாலயக் காட்சி ஒன்றில் அந்தக் குடும்பத்தார் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் அமர்ந்திருப்பார்கள். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாதபடி தரையோடு பொருத்தி, லென்ஸுக்கு முன்னால் கறுப்பு மறைப்புகளை வைத்து, ஒரு நேரத்தில் ஓர் இருக்கைக்கான பகுதியை மட்டும் திறந்து படம் பிடித்தார். பிறகு படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்; அதற்குள் கின்னஸ் ஒப்பனையைக் கலைத்து வேறு ஆளாகி, அடுத்த இருக்கையில் வந்து உட்கார வேண்டும். நாட்கணக்கில் நடந்த வேலை. இரவில் யாராவது தட்டிவிட்டால் எல்லாம் போய்விடும் என்று ஸ்லோகோம்ப் கேமராவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாராம். பாவு நூல் அறுந்துவிடக் கூடாதே என்று எலி ஓட்டிக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவை எனக்குத் தெரியும். ஆகவே இந்தச் செய்தி எனக்கு வியப்பாக இல்லை, சொந்தமாக இருந்தது.

அவர் பூண்ட வேடங்கள் எட்டு என்பதைக் காட்டிலும் அவற்றை அவர் வேறுபடுத்திய விதம்தான் எனக்குப் பெரிது. 1964இல் நம் சிவாஜி கணேசன் 'நவராத்திரி'யில் ஒன்பது வேடங்களில் வந்தபோது, ஒவ்வொன்றிலும் சிவாஜியின் ஆற்றல் பொங்கி வழிந்தது. அதைப் பார்க்கத்தான் போனோம், கைதட்டினோம். கின்னஸின் எட்டில் அவரையே காணோம். இதில் எது உயர்ந்தது என்ற வழக்குக்கு நான் வரவில்லை. இரண்டு வேறு கலைகள்; சிவாஜி படத்துக்கு எதிராக என் வீட்டில் எழுதவும் முடியாது.

அவருடைய படங்களில் அம்மாபேட்டையில் திரையிட வேண்டியது என்று நான் நினைப்பது 1951இல் அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக் இயக்கிய 'தி மேன் இன் தி வைட் சூட்'. வட இங்கிலாந்தின் துணி ஆலைகளில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே திருட்டுத்தனமாக ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்தும் சிட்னி ஸ்ட்ராட்டன் என்ற இளைஞன், கிழியாத, அழுக்கே ஒட்டாத ஒரு நூலைக் கண்டுபிடித்துவிடுகிறான். அந்தத் துணியில் சாயம் ஏறாது. ஆகவே அவனுக்குத் தைக்கும் உடுப்பு இருட்டிலும் மின்னும் வெள்ளை. கத்தரிக்கோல் வெட்டாது என்பதால் தையற்காரர் தீச்சுடரை வைத்து வெட்டுகிறார். முதலில் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். பிறகு முதலாளிகளுக்குப் பொறி தட்டுகிறது: கிழியாத துணியை ஒருவன் வாழ்நாளில் எத்தனை முறை வாங்குவான்? அதே நேரத்தில் தொழிற்சங்கத்தாருக்கும் அதே கேள்வி எழுகிறது. ஆயுளுக்கும் சண்டையிட்டுவந்த இரு தரப்பும் ஒன்று சேர்ந்து, வெள்ளை உடுப்பு மினுமினுக்க ஓடும் அவனை இரவில் தெருத்தெருவாகத் துரத்துகிறார்கள். வழியில், அவன் குடியிருக்கும் வீட்டுக்காரக் கிழவி, துணி துவைத்துப் பிழைப்பவள், அவனை நிறுத்திக் கேட்கிறாள்: துவைக்கத் துணியே இல்லாவிட்டால் என் பாடு என்ன ஆகும் என்று. அதுவரை எதற்கும் அசையாத கின்னஸின் முகம் அங்கேதான் முதன்முறையாகத் தயங்குகிறது.

இதை அப்பாவுக்கு நான் வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்துக் காட்டினேன். விசைத்தறி எங்கள் தெருவுக்குள் வந்து, ஒவ்வொரு வீடாகக் குழிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. ஒதுக்கிய ரகங்களும் விசைத்தறியில் ஓடுவது ஊருக்கே தெரியும். கரை வைத்த பட்டு வேட்டியை அப்பா நெய்து முடிக்கும் நேரத்தில் பக்கத்துப் பட்டறையில் எத்தனையோ வேட்டிகள் இறங்கிவிடும். ஆனாலும் அவர் அந்தக் கண்டுபிடிப்பாளனைத் திட்டவில்லை. "கண்டுபுடிச்சவன் மேல தப்பில்ல. ஆனா அந்தக் கெழவி கேட்டதுக்கு அவன்கிட்ட பதிலும் இல்ல" என்றார். படத்தின் முடிவில் அந்த நூல் நிலையற்றதென்று தெரிந்து, உடுப்பு கூட்டத்தின் கைகளில் பஞ்சாய்ப் பிய்ந்து போகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். மறுநாள் ஊரை விட்டுப் போகும்போது குறிப்பேட்டைப் பார்த்து அவனுக்கு ஏதோ புரிய, நடை மாறுகிறது, துள்ளிக்கொண்டு போகிறான். அங்கும் அந்த மனிதர் நடையில்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

ஒரு சிறு கிளைச் செய்தி: மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம் அதே வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் படித்தவர். படிப்பு நூலில், பிழைப்பு படச்சுருளில். அவர் படிப்புக்கேற்ற தொழிலுக்குப் போயிருந்தால் சேலத்துக்கு ஓர் ஆலை கூடியிருக்கும், 'மந்திரி குமாரி' படம் இருந்திருக்காது.

மறுபடியும் க்வாய்க்கு வர வேண்டும். அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. அது இலங்கையில் எடுக்கப்பட்டு 1957இல் வெளியானது. ஏழு ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. வேடத்தைக் கின்னஸ் முதலில் மறுத்தார். படப்பிடிப்பிலும் அதை இயக்கிய டேவிட் லீனோடு ஓயாமல் உரசிக்கொண்டார். கர்னலை எந்நேரமும் விறைப்பாகவே காட்டினால் பார்ப்பவர்கள் சலித்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. விளைவு என்னவோ, விறைப்புக்குள் சிறுபிள்ளைத்தனம் எட்டிப் பார்க்கும் ஒரு மனிதன் கிடைத்தான். கைதிகள் கட்டிய பாலத்தின் மேல் தமக்குள்ளேயே கர்வம் கொண்டு, அது எதிரியின் பாலம் என்பதையே மறந்துபோன கர்னல்.

ஆனால் அந்தப் பாதையை உண்மையில் போட்டவர்களில் படத்தில் வராதவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942, 43இல் ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதையில் மேலை நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைப் போலப் பல மடங்கு இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள்; அவர்களில் பெரும் பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள். சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன குடும்பங்கள். என் அப்பாயியின் தம்பி ஒருவர் அப்படிப் போனவர். கடைசிக் கடிதம் வந்தது போருக்கு முன்னால். சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, கூட்டிப் போனதாகத் திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னதோடு சரி. திதி கொடுப்பதற்கு நாள் தெரியாமல் அப்பாயி மகாளய அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்துப் படைப்பார். படத்தில் பாலத்தின் மேல் பலகை அடித்து, கட்டியவர்கள் பிரிட்டிஷ் படைவீரர்கள் என்று எழுதி வைக்கும் காட்சி வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். நடிகரின் மேல் குற்றமில்லை. நடிப்பு அத்தனை நன்றாக இருப்பதால்தான் விடுபட்டவர்களை உலகம் தேடவில்லை என்றும் சில நேரம் தோன்றும்.

மறைந்துபோகும் அவருடைய வித்தை எல்லா இடத்திலும் பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். 1948இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் திருட்டுக் கூட்டத் தலைவன் ஃபேகினாக வர அவர் வைத்துக்கொண்ட பெரிய மூக்கு, யூதர்களை இழிவு செய்வதாகக் கண்டனத்துக்கு ஆளாகி, அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை. வந்தபோதும் வெட்டுப்பட்டே வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து பேருந்தில் நான்கைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூரு, சாவனதுர்கா பகுதிகளில் 'எ பேசேஜ் டு இந்தியா'வை லீன் எடுத்தபோது, பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராகப் பழுப்புப் பூச்சோடு வந்து நின்றார் கின்னஸ். 1984இல் வெளியான அந்தப் படத்தில் விக்டர் பானர்ஜியின் பக்கத்தில் அவரை வைத்துப் பார்க்கும்போது ஒரு நொடிகூட நம்ப முடியவில்லை. தலையாட்டல் இருக்கிறது, கைகூப்பல் இருக்கிறது, ஆள் இல்லை. அவர் உழைத்துப் பழகிய நடனக் காட்சியையும் லீன் வெட்டிவிட்டார். அவருக்கு அது வருத்தம், பார்ப்பவர்களுக்கு ஒருவேளை நல்லதாகப் போயிற்று. லீனோடு அவர் செய்த ஆறு படங்களில் கடைசி இதுதான்.

உடையும் நடையும் அவரையே மாற்றிய கதையும் ஒன்று உண்டு. 1954இல் பிரான்ஸில் ஃபாதர் பிரவுன் என்ற துப்பறியும் பாதிரியாராக நடித்துக்கொண்டிருந்தபோது, பாதிரியாரின் அங்கியைக் கழற்றாமல் மாலையில் தங்குமிடத்துக்கு நடந்தார். எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு சிறுவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதேதோ பேசியபடி சிறிது தூரம் வந்து, வணங்கிவிட்டு ஓடிப்போனான். முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு அந்த அங்கி தந்த நம்பிக்கை அவரை ஆட்டிவிட்டது. மகனின் நோயும் அப்போதுதான் மனத்தை அலைக்கழித்திருந்தது. 1956இல் கத்தோலிக்கராகச் சேர்ந்தார். 1959இல் சர் பட்டம் வந்தது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். காப்பித் தோட்டக் கணக்கு எழுதுபவர். ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்க முடியாமல் போன இரண்டு நாட்களில், 1979இல் பிபிசி எடுத்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடர் முழுவதையும் அங்கே பார்த்தோம். ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலி. சன்னலுக்கு வெளியே மூடுபனி, திரைக்குள்ளும் மூடுபனி. ஸ்மைலி கண்ணாடியைத் துடைக்கிறார், கேட்கிறார், மௌனமாக இருக்கிறார், அவ்வளவுதான் நடிப்பு. நண்பர் இரண்டாம் பகுதியிலேயே தூங்கிவிட்டார், குறை சொல்ல முடியாது. இந்த வேடத்துக்கு ஆயத்தமாக, உளவுத்துறையின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற மாரிஸ் ஓல்ட்ஃபீல்டைச் சந்திக்க வேண்டும் என்று கின்னஸ் கேட்க, எழுத்தாளர் ஜான் லெ காரே ஒரு மதிய உணவுக்கு ஏற்பாடு செய்தார். அங்கே கின்னஸ் கவனித்தவை ரகசியங்கள் அல்ல. அந்த மனிதர் அணிந்திருந்த சட்டைக்கைப் பொத்தான்களும், பிடித்திருந்த குடையும், விடைபெற்றுத் தெருவில் நடந்து போன விதமும்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபியாக வந்ததும் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் அந்தக் கிழவராகவே ஆகிப்போனார். வசனங்களை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சம்பளத்தோடு வருவாயில் சிறு பங்கும் பேசியிருந்ததால் கடைசிவரை பணக்கவலை இல்லாமல் போயிற்று. அந்தப் படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்ததாகச் சொல்லிக் கையெழுத்து கேட்ட ஓர் அமெரிக்கச் சிறுவனிடம், இனிமேல் அதைப் பார்க்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் தருகிறேன் என்றார், பையன் அழுதுவிட்டான். 1980இல் சிறப்பு ஆஸ்கர். 2000 ஆகஸ்ட் 5ஆம் நாள் காலமானார். இரண்டு மாதங்களில் மெருலாவும் போய்ச் சேர்ந்தார்.

அப்பா தறியை விட்ட பிறகு ஒருநாள் என் மகன் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தான். பாலைவனத்தில் முக்காடிட்ட முதியவர் பாறைகளுக்கு இடையே இறங்கி வருகிறார். அப்பா நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, பாலங்கட்டுன கர்னல், அந்த வெள்ளைச் சட்டைக்காரன், ரெண்டு பேருமே இவருதான்" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் கிழவர் நாலு அடி நடக்கும் வரை பார்த்தார்.

"இல்லப்பா, இது வேற ஆளு. இவரு குழியில உக்காந்ததே இல்ல" என்றார்.